இரண்டாவது திருகல்

டெல்பர்ட்டின் இடது உள்ளங்கைக்குள் பாதி இறங்கிய டிரில், திணறி நின்றது.

“சே! சார்ஜ் போச்சு.” ரோலண்ட் அதை வெடுக்கென்று உருவினான். டெல்பர்ட் அலறினான். நாற்காலியோடு கட்டிய கயிறு ரத்தத்தில் நனைந்தது.

“கத்து மச்சான், நல்லா கத்து. ஊரே பொம்மைக் கார் ரேஸ்ல கிடக்குது. எவன் வருவான்? என் பொண்டாட்டி எங்கடா?”

ரோலண்டின் அடியில் விலா எலும்பு முறிந்து ஓடிப்போன மாவிஸ் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது அவளுடைய அண்ணன் டெல்பர்ட்டுக்கு மட்டுமே தெரியும். சொன்னால் அவள் பிணம்.

பெஞ்சில் இன்னொரு நிக்கல் பேட்டரி இருந்தது. பொம்மைக் காருக்கும் டிரில்லுக்கும் பொருந்தும்படி டெல்பர்ட்டே கட்டியது. காலையில்தான் முழுசாக ஏற்றியிருந்தான்.

“அதுவும் காலிடா,” என்று பொய் சொன்னான்.

ரோலண்ட் அதைச் சார்ஜரில் மாட்டிக் குமிழைத் திருகினான். டிக்... டிக்...

அந்தச் சார்ஜருக்கு நேரம் மட்டும்தான் தெரியும். பேட்டரி நிரம்பியதா என்று பார்க்காது. குமிழ் திரும்பி வரும்வரை மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிரம்பிய பேட்டரிக்குள் போவதெல்லாம் வெப்பமாக மாறும்.

அதுவரை ரோலண்ட் சும்மா இருக்கவில்லை. ஸ்பேனரால் டெல்பர்ட்டின் முழங்காலை நொறுக்கினான்.

டக்! குமிழ் நின்றது. ரோலண்ட் பேட்டரியைத் தொட்டுக் கையை உதறினான். “கொதிக்குதே!”

டெல்பர்ட்டின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டானா?

ரோலண்ட் இளித்தான். “கொதிச்சாத்தான் மச்சான் பாயும்.”

ரேஸ்காரப் புத்தி! கார் சீற வேண்டுமென்று, புறப்படும் முன் சூடான பேட்டரிக்கு இன்னொரு திருகு கொடுப்பது மைதானத்துப் பழக்கம். மற்றவர்கள் லேசாகத் திருகுவார்கள். ரோலண்ட் எப்போதும் கடைசிவரை திருகுவான்.

இப்போதும் திருகினான். “இந்தத் தடவை எலும்பையும் தாண்டும் பாரு.”

உறை உப்பியது. உஸ்ஸென்று சத்தம்.

“என்னடா இது?” என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

வெடித்தது. பேட்டரிக்குள் கொதித்த காரத் திரவம் இரண்டு கண்களிலும் தெறித்தது. ஸ்பேனர் நழுவியது. ரோலண்ட் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு உருண்டான்.

டெல்பர்ட் நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். கைப்பிடி முறிந்தது. விடுபட்ட வலது கை ஸ்பேனரைப் பற்றியது. தடவிக்கொண்டு வந்த ரோலண்டின் தாடையில் அது இறங்கியது; அவன் சுவரோரம் சரிந்தான்.

“தண்ணி! கண்ணு எரியுது மச்சான்! குழாய் எங்கடா? சொல்லித் தொலைடா!”

குழாய் ரோலண்டின் தலைக்கு மேலேயே இருந்தது.

டெல்பர்ட் வாயைத் திறக்கவில்லை.