சிங்கராசா அரைத்த கரி

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆந் திகதி, சனிக்கிழமை. விடியற்காலை முதல் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கடுமையாக வீசியது. வானம் தெளிவாயினும் கடல் கொந்தளித்தமையால் மன்னாரின் ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் எந்தப் படகும் இறக்கப்படவில்லை.

தொழிலற்ற அந்நண்பகலில் மீனவன் டொமினிக் தன் தமையன் சிங்கராசாவுடன் சாராயம் அருந்தினான். முதல்நாள் வலையில் அகப்பட்ட பேத்தை மீனின் ஈரலைப் பொரித்து, அதனைத் தான் மாத்திரம் உண்டான். அவ்வீரல் கொடிய நஞ்சுடையது; வெறியில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

“அண்ணை, சொண்டு விறைக்குது.” டொமினிக் தன் உதடுகளைத் தடவினான்.

“ரெண்டு கிளாசுக்கே விறைக்குதோ? போய்ச் சோடா குடியடா!”

சற்றைக்கெல்லாம் டொமினிக்கின் கைகால்கள் செயலிழந்தன. மனைவி பெற்றிசியா ஓடிவந்து அவன் வாயில் நீர் விட்டாள். அது உள்ளே இறங்காமல் கடைவாயால் வழிந்தது.

சிங்கராசா முன்னர் தேங்காய்ச் சிரட்டை சுட்டுக் கம்பனியொன்றுக்குக் கரி விற்றவன். அக்கரியிலிருந்தே நஞ்சுண்டோருக்குக் கொடுக்கும் மருந்துக்கரி ஆக்கப்படுகின்றது என்பதை அறிந்திருந்தான். ஆகவே, ஈரலின் நஞ்சே இது என உணர்ந்ததும், சிரட்டைக்கரியை அம்மியில் அரைத்து, நீரிற் கரைத்து, தம்பியின் மார்பின்மேல் ஏறி அமர்ந்தான்.

“விடுங்கோ அத்தான்!” பெற்றிசியா சிங்கராசாவைப் பிடித்திழுத்தாள். “அவருக்குத் தண்ணியே இறங்குதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்.”

“அங்கையும் இதைத்தானடி குடுப்பினம். கம்பனிக்காரன் எங்கட கரியிலதான் செய்யிறான்.”

“கம்பனிக்காரன் செய்யிறதை நீங்கள் அம்மியில செய்வியளோ?”

அவன் அவளை உதைத்து வீழ்த்தினான். அகப்பைக் காம்பைத் தம்பியின் பற்களிடையே செலுத்தி நெம்பினான், முன்பல்லொன்று முறிந்தது. கரிநீர் ஊற்றப்பட்டது. டொமினிக்கின் மூக்கால் கறுத்த நுரை வந்தது. அவனுடைய உணர்வு தெளிவாகவே இருந்தது. விழிகள் மனைவியை நோக்கின. பெற்றிசியா துடுப்பை எடுத்துச் சிங்கராசாவின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் ஓசை கேட்டது. அயலவர் டொமினிக்கை ஓட்டோவில் ஏற்றினர்.

மன்னார் ஆஸ்பத்திரியில் அவனுக்குச் செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டது. வைத்தியர் வெளியே வந்து விளக்கினார்:

“மருந்துக்கரி மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்தி ஆக்கப்படுவது. அதன் நுண்துளைகளே நஞ்சைப் பற்றும். அடுப்புக்கரி அவ்வாறு பற்றாது. மருந்துக்கரியானாலும் விழுங்க இயலாதவருக்கு வாயால் ஊற்றக்கூடாது. இந்த மீன் நஞ்சு ஓரிரு நாளில் இறங்கியிருக்கும். இவருடைய நுரையீரலோ கரியால் நிறைந்துவிட்டது.”

சிங்கராசா தன் தலையைச் சுவரில் மோதினான். குருதி வழிந்தது, மீண்டும் மோதினான். தடுக்க வந்த இருவரையும் முறிந்த கையாலேயே தள்ளினான்.

“மோதுங்கோ,” என்றாள் பெற்றிசியா. “நல்லா மோதுங்கோ.”

டொமினிக்கின் உயிர் பிற்பகல் ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குப் பிரிந்தது.