யாரும் கேக்காத சரக்கு

பாளையம்பட்டி தங்கசாமி பலசரக்குக் கடையில ஒரு சட்டம் உண்டு. ஒரு வருஷம் யாரும் கேக்காத சரக்கு அலமாரியில இருக்கக் கூடாது. மகன் மாதவனுக்குக் கடை பிடிக்கல, கம்ப்யூட்டர்தான் பிடிச்சுது. ஆனாலும் அந்தச் சட்டம் மட்டும் ரத்தத்துல ஊறிப்போச்சு. வினையே அதுலதான் வந்துச்சு.

கருப்புத் திரையில கட்டளை அடிச்சு வேலை வாங்குற ஷெல் ஒண்ணை எழுதி, யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தலாம்னு இணையத்துல விட்டிருந்தான் மாதவன். முகந்தெரியாத ஆளுக, கூடுதலா ஒரு வேலை செய்யுற துண்டு நிரலா ஆளுக்கொரு ப்ளக்இன் எழுதிக் கொடுத்தாக. ஷெல்லுக்கு உசுரான கோர் லைப்ரரியும் இந்த ஒட்டுவேலை ப்ளக்இன்னும் ஒரே டப்பாவுல கடுகும் சீரகமுமாக் கலந்து கெடந்துச்சு. ஒரு வாரம் லீவு போட்டு உக்காந்தான். கோர் லைப்ரரியைத் தனியாப் பிரிச்சான். ப்ளக்இன்னை வரிசையா அடுக்குனான். மூணு வருஷமா எதுக்கு ஒரு கேள்வி, ஒரு புகார் வரலையோ அதையெல்லாம் தூக்கிக் கடாசுனான்.

திரையில வர்றதை வாய்விட்டு வாசிக்கிற 'குரல்' ப்ளக்இன்னும் அதோட போச்சு. படிக்க முடியாத ஆளா ஷெல்லைத் தொடப்போகுதுன்னு ஒரு நெனப்பு. ரொம்பத்தான் கெட்டிக்காரன்! தினம் முதல் தடவை ஷெல்லைத் திறந்தா எல்லார் மெஷின்லயும் புதுசு தானா இறங்கிரும். அதுவும் மாதவன் ஐயா செஞ்ச ஏற்பாடுதான்.

மறுநாக் காலையில பத்து மணிக்கு போன் வந்துச்சு.

"அண்ணே, பரளச்சியிலருந்து சண்முகவேல் பேசுறேன். உங்க நம்பரு ஷெல்லோட இணையப் பக்கத்துல இருந்துச்சு, முன்னமே குறிச்சு வச்சிருந்தேன். எனக்குக் கண்ணு தெரியாதுண்ணே. இன்னைக்கு உங்க ஷெல்லு பேச மாட்டேங்குது. பதினோரு மணிக்கு வேலைக்கான பரீட்சை, அதுலதான் எழுதணும்."

மாதவன் மெஷின் முன்னால உக்காந்தான். பத்தே நிமிஷத்துல குரலை மறுபடி சேத்துட்டான். சேத்து என்ன, அங்க தானா இறங்குறது இனி நாளைக்குத்தான், இன்னைக்குக் கட்டளை அடிச்சுத்தான் இறக்கணும். அந்தப் பழைய மெஷினுக்கு வாசிச்சுக் காட்ட வேற வாய் கெடையாது. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னான், சண்முகவேலும் அடிச்சான்.

"இப்ப என்ன வந்திருக்கு?"

"எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

எழுத்து தெரியாத அவன் அம்மா சுப்பம்மாள் போன் வீடியோவுல திரையைக் காட்டுச்சு. பரளச்சி டவருக்கு அது தாங்கல, படம் உறைஞ்சு நின்னுச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிட்டாகளாம். பத்தரைக்கு மாதவன் பாளையம்பட்டியிலருந்து வண்டியை எடுத்தான். ரோடு நெடுக வெறுங்காடு, வெயில், திட்டுறதுக்குக் கூட ஒரு ஆளில்லை. தன்னையே திட்டிக்கிட்டுப் போனான்.

போய்ச் சேரும்போது பதினொண்ணு இருபது. சண்முகவேல் சலவைச் சட்டை போட்டு, தலை படிய வாரி, கீபோர்டு மேல கையை வச்சபடியே உக்காந்திருந்தான். சுப்பம்மாள் தண்ணிச் செம்பை நீட்டுச்சு. வாங்கிக் கீழ வச்சுட்டு மாதவன் மெஷினைத் தொட்டான். ரெண்டே வரிதான். முதல்ல அடிச்சதுல ஒரு எழுத்து தப்பு, அம்புட்டுத்தான்.

குரல் வந்துருச்சு. சண்முகவேல் பரீட்சையைத் திறந்ததும் திரையில வந்ததைக் கணீர்னு வாசிச்சுச்சு. பதினொண்ணு பத்தோட நுழைவு முடிஞ்சதாம், இனி அனுமதி இல்லையாம்.

சண்முகவேல் அதை முழுசாக் கேட்டான். கோவமே படல. அதுதான் மாதவனுக்குத் தாங்கல.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு. மூணு வருஷமா உங்கள ஒரு கொறை சொல்லித் தொந்தரவு பண்ணதில்லையேண்ணே. அதை எதுக்கு எடுத்தீக?"

அதுக்காகத்தான் எடுத்தான். செம்பை எடுத்துத் தண்ணியைக் குடிச்சான்.