அறுபது லிட்டர் கடல்

சாந்தோம் கடல் நடந்து போனால் பத்து நிமிஷம். அதை விட்டுவிட்டு, பாக்கெட் உப்பு வாங்கி வீட்டிலேயே கடல் தயாரிக்கிற மகானுபாவர் ஒருவர் உண்டென்றால் அது ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார் வால்டர்தான். "அதெல்லாம் கடலா? சாக்கடை!" என்பார். ஹால் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். அதுகளுக்குத் தண்ணீர் மாற்றவென்று வாசல் வராந்தாவில் ஒரு அறுபது லிட்டர் நீல டிரம், உள்ளே முன்கூட்டியே கலந்துவைத்த உப்புநீர், அதைச் சுற்றிவிட ஒரு குட்டி மோட்டார். உப்பைக் கருவி வைத்துப் புள்ளி சுத்தமாக அளப்பார். மனைவி ஃப்ளோராவின் பிரஷரை ஒருநாள்கூட அளந்ததில்லை.

வெயில் காலத்து மெட்ராஸில் வராந்தா டிரம் என்றால் பொதுச்சொத்து. தண்ணி லாரி வராத நாளில் அக்கம்பக்கத்தார் மொண்டு கக்கூஸுக்கு ஊற்றினார்கள். 'தொடாதே' என்று எழுதினார். அதன்மேல் துணி காயப்போட்டார்கள். கடைசியில் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டினார். கக்கூஸ்காரர்கள் அன்றோடு சரி. மூளை என்றால் இதுதான் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, மகனைப் பார்க்கப் பெங்களூரு போனார்.

திரும்பி வந்த சனிக்கிழமை காலை, தொட்டியில் ஏதோ செத்து அழுகி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உடனே தண்ணீர் மாற்றாவிட்டால் சாயங்காலம் தாங்காது. டிரம்மைத் திறந்தார். மோட்டார் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஜெபக்கூட்டத்துக்கு வந்தவங்க மந்திரிச்ச தண்ணின்னு கொண்டு போனாங்க," என்றாள் ஃப்ளோரா. "வாயில வச்சா உப்பு கரிச்சிது. சர்ச் சாமியாரும் உப்பு போட்டுத்தானே மந்திரிப்பாரு?"

"நீ சொல்லக்கூடாதா?"

"படத்தை ஒட்டுனது நானா?"

கைவசம் உப்பு இல்லை. வாங்கிக் கலந்தாலும் மோட்டார் ஒருநாள் சுற்றவேண்டும். வால்டர் வீடுவீடாக ஏறினார். ஜொவிட்டா புது ஸ்கூட்டருக்குத் தெளித்து முடித்திருந்தாள். சகினா பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டாள். மாதாவின் கிருபையைப் பிடுங்க வந்த கஞ்சன் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

மூன்றாவது மாடி கரோல் வீட்டில் மட்டும் ஒரு கேன் நிறைய இருந்தது. "சாயங்காலம் அவரை இதுல குளிப்பாட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன் சார். திங்கக்கிழமை இதய ஆபரேஷன்." சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். 'மீன் தண்ணிம்மா' என்று சொல்ல வால்டருக்கு வெட்கமாக இருந்தது.

கட்டிலில் இருந்த அவள் புருஷன் லாய்ட் சிரித்தான். "மீனுக்குத்தானே சார்?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் உங்ககிட்ட படிச்சவன். நீங்களாவது, மந்திரிக்கிறதாவது! தூக்கினு போங்க. காலி கேன் ஒண்ணு பால்கனியில கீது. கொழாத் தண்ணி புடிச்சு சமையல் உப்பைக் கொட்டுங்க, எனக்கு அது போதும். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். என்னை உள்ள தள்ளினு போறப்போ அவ புடிச்சுக்க எதனா வேணும் சார்."

வால்டர் அங்கேயே அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கரண்டியால் கலக்கி, கருவி கிருவி இல்லாமல் நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மீன்களின் கேனைக் கீழே சுமந்து போனார். மத்தியானத்துக்குள் அதுகள் தெளிந்துவிட்டன.

சாயங்காலம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமென்று கரோல் கூப்பிட்டாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"சார், மாதா இவரைக் கைவிட மாட்டாங்கல்ல?"

நிரூபிக்க முடியாத எதையும் நாற்பது வருஷமாகச் சொல்லாத மனுஷன் லாய்டைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாட்டாங்கம்மா," என்றார் வால்டர். சொன்னது பொய்யாகிவிடக்கூடாதே என்று, மக்கைத் தூக்கியபடி மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.