பதின்மூன்றில் மூன்று

1

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி. மாத்தளையில் என் மேசையில் அமர்ந்து, பத்தாந்தரக் கணிதப் பயிற்சிநூலொன்றின் மொழியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘நன்கு கலைக்கப்பட்ட 52 சீட்டுகளைக் கொண்ட கட்டிலிருந்து எழுமாறாக ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது.’ வாக்கியத்தில் பிழையில்லை. ஆயினும் பேனை நின்றது. என் அலுமாரியிலுள்ள சீட்டுக்கட்டில் முப்பத்திரண்டு சீட்டுகளே உள்ளன. இப்பக்கத்தில் ஆடுவது ஓமி என்ற சீட்டாட்டம். அதற்கு ஏழும் அதற்கு மேற்பட்டவையும் போதும். சிறிய சீட்டுகளைப் புள்ளி வைக்க ஒதுக்குவார்கள். பிறகு அவை தொலைந்துபோகும்.

இக்கதையின் தோற்றுவாய் அவ்வளவே.

2

தொடக்கம்: ‘நாவுலவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு…’

(மழைக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை. விட்டுவிட்டேன்.)

தர்ஷிகா கணித ஆசிரியை. நாவுலவில் ஒரு பாடசாலையில் மூன்றாண்டுச் சேவை. உடன் கற்பிக்கும் ஷிஃபானுக்குப் பத்தாண்டுச் சேவை. இருவரில் ஒருவர் ஓராண்டுக்கு வில்கமுவப் பக்கம் மாற்றலாக வேண்டும். யாரென்று பேசி நாளை சொல்லுங்கள் என்று பாடசாலை அதிபர் கூறிவிட்டார். அங்கே பஸ் அரிது, தங்கித்தான் ஆகவேண்டும். தர்ஷிகாவின் மகளுக்கு எட்டு மாதம். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். ஷிஃபானின் தந்தையோ படுத்த படுக்கை.

“இங்க கூட வருசம் இருந்தவருக்குப் போற வாய்ப்பும் கூட, சேர். பத்தும் மூணும் பதிமூணு. நான் போறதுக்குப் பதிமூணுல மூணு. கார்ட் கட்டுல ராஜா, ராணி, ஜேக்னு படம் பன்னெண்டு. அம்பத்திரெண்டுல பன்னெண்டுன்னா அதே பதிமூணுல மூணு. படம் வந்தா நான் போறேன். வராட்டி நீங்க.”

“கார்ட் தொட்டேன்னு தெரிஞ்சா எங்க வாப்பா படுக்கையில இருந்தே எந்திரிச்சு வந்து அடிப்பாரு, டீச்சர்.”

“இது வெளையாட்டு இல்ல சேர், பரிசோதனை.”

3

மறுநாள் தர்ஷிகா வீட்டுக் கட்டைக் கொண்டுவந்தாள். சிறுவயது முதல் ஓமி ஆடிய கை அவளுடையது. கரும்பலகையில் ஆண்டுதோறும் 52 என்று எழுதியதும் அதே கை. அவ்விரண்டும் வெவ்வேறு கட்டுகள் என்பது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. (நம்பமுடியவில்லையா? எனக்கு எழுபத்தோராம் வயதில்தான் தோன்றியது.)

ஷிஃபான் கலைத்தார். அவள் எடுத்தாள். இஸ்பேட் ராஜா.

பெட்டிக்குள் இட்டபோது கட்டு லொடலொடத்தது. எண்ணினாள். முப்பத்திரண்டு. படங்கள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவள் போவதற்கு இருந்த நிகழ்தகவு பதின்மூன்றில் மூன்று அல்ல; எட்டில் மூன்று.

“சேர், கட்டு பிழை. இது ஓமிக் கட்டு. திரும்ப எடுக்கணும்.”

“உங்க கட்டு, உங்க கணக்கு, உங்க கை. இதுல நான் செஞ்சது கலைச்சது மட்டுந்தான்.” ஷிஃபான் ராஜாவைப் பார்த்தார். “ராஜாவுக்குப் பதிலா எட்டு வந்திருந்தா எண்ணியிருப்பீங்களா, டீச்சர்?”

4

‘எண்ணியிருப்பேன்’ என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். ஷிஃபான் சினந்து எழுந்து செல்வதாக இன்னொரு வடிவமும் உண்டு. அதில் அவர் கொடியவராகிறார்; அது முறையன்று. அவர் கேட்டது சரியான கேள்வி.

“எண்ணியிருக்க மாட்டேன், சேர்.”

ஷிஃபான் ராஜாவைக் கட்டுக்குள் செருகிப் பெட்டியை மூடினார்.

“தரவைப் பிழையா எழுதிட்டு விடை எழுதுற புள்ளைக்கு நான் முட்டைதான் போடுறது. இதுக்கும் முட்டை. புதுக் கட்டு வாங்குவம். ஆனா இந்தத் தடவை எடுக்கிறது நீங்களும் இல்ல, நானும் இல்ல.”

5

இறுதியில் முடிவானவை இவை. முதல் எடுப்புச் செல்லாது. நாவுலக் கடையில் புதிய கட்டு வாங்கப்படும். சீட்டுகள் ஐம்பத்திரண்டு, படங்கள் பன்னிரண்டு என்று இருவரும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பார்கள். மூன்றாமவர் ஒருவர் ஒரேயொரு சீட்டை எடுப்பார். அதன்பின் மறுபேச்சில்லை.

அந்த மூன்றாமவரை நான் படைக்கவில்லை. எப்பெயர் இட்டாலும் அவருடைய விரல்கள் என்னுடையவையாகவே இருக்கும். எனக்கோ அக்குழந்தையின் பக்கம் சாய்வு உண்டு. ஆகவே எடுக்கவேண்டியவர் நீங்கள். ஒரு கட்டைத் தேடுங்கள். எண்ணுங்கள். கலையுங்கள். படம் வந்தால் தர்ஷிகா போகிறாள். வேறெது வந்தாலும் ஷிஃபான்.