பட்டி வைத்து மறைத்த வெட்டு

என் மைத்துனன் எனக்குத் தரவேண்டியது பதினாலாயிரத்து அறுநூறு. அவன் மனைவிக்கு ஆபரேஷன் என்று வந்து நின்றபோது, வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் நாலாயிரத்தைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் திணித்தான்.

"கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடறேன் மாமா."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவன் அக்காவிடம், "உன் தம்பி சோம்பேறிதான், ஆனா நாணயஸ்தன்" என்றேன். அவளுக்கு வாயெல்லாம் பல். பாக்கி பத்தாயிரத்து அறுநூறு. அது வராவிட்டாலும் போகட்டும், பையன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் பழுது பார்க்கும் ஷெட் என்னுடையது. அவன் என்னோடு கூட நின்று வேலை செய்கிறவன். அவன் பணம் கொடுத்து ஆறு மாதம் கழித்து, ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா தன் பதினெட்டு வயதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பழைய சத்தம் திரும்ப வந்துடுச்சு."

"எப்பம்மா வருது?"

"வேகத்தடையில ஏறி இறங்கினா டொக்குங்குது. நின்ன இடத்துல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா, முறுக்கிக்கிட்டு டங்குனு ஒண்ணு. திருப்பத்துல ஒடிச்சதும் தானா நேரா வரவும் மாட்டேங்குது."

நோயைச் சொல்வதில் நர்ஸ் நர்ஸ்தான். மூன்றும் சேர்ந்தால் ஸ்ட்ரட் மவுண்ட். ஷாக் அப்சார்பரின் உச்சியை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர் குமிழ் அது; பக்கத்திலேயே ஒரு பேரிங். ரப்பர் செத்தால் இடிக்கும். பேரிங் செத்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு துள்ளும்.

ஆனால் அதைத்தான் ஆறு மாதம் முன்பு மாற்றியிருந்தோமே? அவரே பில்லை எடுத்து நீட்டினார். 'முன்பக்க மவுண்ட், புதியது, 2.' என் எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் எழுதப் பழகியவன் எழுத்து ஊரில் வேறு யாருக்கும் வராது.

"போட்டீங்களா தம்பி, இல்ல எழுதினதோட சரியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மைத்துனன் ஆயில் வாங்கப் போயிருந்தான். புதுசு ஆறு மாதத்தில் சாகாது, வேறு ஏதோ என்று கீழே படுத்துப் பார்த்தேன். லிங்க் ராடு கெட்டி. பால் ஜாயிண்ட் கெட்டி. நர்ஸ் அம்மாவை உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து மவுண்டின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். ஸ்பிரிங் கொஞ்ச தூரம் அடம்பிடித்து, பிறகு கைக்குள் திமிறித் துள்ளியது.

ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் குழாயை விடுவித்து, கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட்டு. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டையும் வெளியே எடுத்து, ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரில் இரண்டு பக்கமும் சமமாக நெருக்கிய பிறகுதான் நடு நட்டைத் தொட்டேன். அவசரப்பட்டு அதை முதலில் திறந்தால் ஸ்பிரிங் பாயும்; திறப்பவன் மண்டை அவனுடையது அல்ல.

மவுண்ட் கைக்கு வந்தது. கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. கடையிலிருந்து வரும் மவுண்டுக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? விளிம்பில் ஓரிடம் மட்டும் மேடாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். பூசியிருந்த பட்டி பெயர்ந்து விழுந்தது. அதற்குக் கீழே ரம்பம் போட்ட வெட்டு.

அந்த வெட்டு என் கை வெட்டு. கழற்றிய பழைய சாமான் எதுவானாலும் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டுத்தான் குப்பையில் எறிவேன், யாரும் பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்கக் கூடாது என்று. மற்ற மெக்கானிக்குகள், "செத்த பாம்பை அடிக்கிறான் பார்" என்று கேலி பேசுவார்கள்.

அன்று நடந்தது ஞாபகம் வந்தது. பழையதைக் கழற்றி வெட்டிப் போட்டவன் நான். காய்ச்சல் என்று பாதியில் வீட்டுக்குப் போனவனும் நான். புதியது பெட்டியோடு மேஜையில் இருந்தது. மறுநாள் வண்டி தயாராக நின்றது; பேரிங்கில் அப்பிய கிரீஸ் சத்தத்தை அடக்கி வைத்திருந்தது. பார்க்காமல் பில் எழுதினேன். புது ஜோடி கடையில் நாலாயிரத்து அறுநூறு. பிரிக்காமல் வெளியில் விற்றால் நாலாயிரம் தேறும். அந்த வாரம்தான் என் சட்டைப்பை நிறைந்தது.

மைத்துனன் வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

"என்ன மாப்ளே இது?"

வெட்டைப் பார்த்தான். ஆயில் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உங்க கடனைத்தானே மாமா அடைச்சேன். வெளியில யாருக்காவது கொடுத்தேனா?"

"செத்த சாமானைப் பூட்டி அந்தம்மாவை ரோட்டுல விட்டிருக்கியேடா."

"அவங்க மெதுவாத்தான ஓட்டறாங்க. தாங்கும்னு நெனச்சேன்."

"பில்லு என் கையால எழுதினது."

"அதனாலதான் அவங்க சந்தேகமே படல" என்றான். குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னான்.

நர்ஸ் அம்மாவிடம் மறைக்கவில்லை. "நான் எழுதினது பொய்யாப் போச்சும்மா. என் செலவுல மாத்தித் தரேன்" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "பெட்டிய என் கண்ணு முன்னாடி பிரிங்க" என்றார். எப்போதும் நிழலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவர், அன்று கடைசி வரை என் தோளுக்குப் பின்னால் நின்றார். பேரிங்கை அதன் இடத்தில் வைத்தேன், ஸ்பிரிங்கின் நுனியைப் பள்ளத்தில் உட்கார வைத்தேன், மேல் நட்டுகளைச் சக்கரம் தரையில் நின்றபிறகு இறுக்கினேன். ஒவ்வொன்றையும் பார்த்தார். அலைன்மெண்ட் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சத்தம் போய்விட்டது. அவர் இனி நான் எழுதித் தருவதை நம்பமாட்டார்.

கார் போனதும் மைத்துனன் அருகில் வந்தான்.

"பாக்கிய மாசா மாசம் கொடுத்திடறேன் மாமா."

"வேணாம். உன் கையிலருந்து வர்ற காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் தேடிக்கிட்டு இருக்க முடியாது. நாளைக்கு ஷெட்டுக்கும் வராத."

"அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நீ போய்ச் சொல்லு. உன் அக்காதானே."

தலையைக் குனிந்துகொண்டான். அழுவான் என்றிருந்தேன்.

"அப்ப... பத்தாயிரத்து அறுநூறும் இல்லையா மாமா?"

"இல்ல."

"கடன் நோட்டுல அடிச்சிடுங்களேன். பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க."

நோட்டை எடுத்து அந்த வரியின் குறுக்கே கோடு போட்டேன். எட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.