மரு விழுந்த சேவல்

இரண்டு வான்கோழிச் சேவல்களும் சேர்ந்துதான் வந்தன. ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஆர்ஃபா கிம்ப்ரோ, சேவலை வரவழைக்கப் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை முழங்காலில் ஏற்றினாள்.

முன்னால் வந்தது பெரியது. வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனியால் சருகைக் கீறிக்கொண்டு, மார்புத் தாடி புல்லில் புரள வந்தது. மிசௌரிக் குன்றுகளில் எந்த வேட்டைக்காரனும் அப்படி ஒன்றைத் தப்ப விடமாட்டான். பின்னால் வந்தது அதைவிடச் சற்றுச் சிறியது. கண்ணுக்கு மேலேயும் அலகு ஓரத்திலும் கறுத்த மருக்கள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஆனால் நடையில் ஒரு குறையும் இல்லை. தூரத்தில் காகம் கரைந்ததற்கு முழுத் தொண்டையில் பதில் சொன்னது.

ஆர்ஃபா பெரியதைப் போக விட்டாள். மரு விழுந்ததைச் சுட்டாள்.

இதற்காகத்தான் போன வசந்தத்திலிருந்து காத்துக் கிடந்தாள். வேட்டைப் பருவம் முடிகிற சனிக்கிழமை, மலையடிவாரத் தேவாலயத்தில் வான்கோழி விருந்து நடக்கும். தேவாலயம் எழும்பிய நாளிலிருந்து கிம்ப்ரோ வீட்டுப் பறவை இல்லாமல் அந்த விருந்து நடந்ததில்லை. போன வருஷம் அவள் தம்பி லோன்சோ கொண்டுபோன பறவையின் தலையில் இதே மாதிரி மருக்கள் இருந்தன. தோலோடு உரிந்து போகிற மரு. கறிக்கு ஒன்றும் ஆகாது என்று கிம்ப்ரோக்கள் தலைமுறையாக அறிவார்கள். ஆனால் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ராய்ஸ் டெக்கர்ட் அதைக் காலைப் பிடித்துத் தூக்கி ஊருக்கே காட்டினான்.

"பாத்தீங்களா? கிம்ப்ரோ வீட்டுலேருந்து நம்ம பிள்ளைங்களுக்குச் சீக்குக் கோழி வந்திருக்கு!"

சொன்ன கையோடு தன் வேட்டை நாய்களுக்கு அதை வீசினான். லோன்சோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தப்பு செய்தவனைப் போல நின்றான். ஆர்ஃபாவின் நெஞ்சில் நெருப்பாகத் தங்கியது அந்தத் தொப்பிதான். கிம்ப்ரோ ஆண்கள் கடவுளுக்கும் சவப்பெட்டிக்கும் தவிர வேறு யாருக்கும் தொப்பி கழற்றியதில்லை. அதன் பிறகு அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு ராய்ஸ் பன்றித்தொடை சுட்டு எடுத்து வந்தபோது ஆர்ஃபா அவனைப் படி ஏற விடவில்லை.

ராய்ஸ் அதோடும் நிற்கவில்லை. இனி எந்தப் பறவையும் தலையும் காலும் சேர்ந்தே வர வேண்டும், முற்றத்தில் எல்லார் முன்னாலும் வயிற்றைத் திறந்து காட்டிய பிறகுதான் எண்ணெயில் இறங்க வேண்டும் என்று சபையில் ஒரு விதியும் போட வைத்தான். அது யாருக்காகப் போட்ட விதி என்று ஊரில் கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம், தேவாலய முற்றத்தில் கடலை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஆர்ஃபா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, காலையில் சுட்ட பறவையின் தலை ஜனங்களைப் பார்க்கும்படி மேஜையில் கிடத்தினாள். பேச்சு அடங்கியது.

"அடக் கடவுளே!" ராய்ஸ் சிரித்தான். "மிஸ் ஆர்ஃபா, இந்த மாதிரி மூஞ்சிங்கல்லாம் உங்க வீட்டத் தேடித்தான் வருமா?"

"எங்க வீட்டுல மூஞ்சியப் பாத்து யாரையும் விரட்டுறதில்ல ராய்ஸ். உனக்கே எத்தனையோ தரம் சாப்பாடு போட்டிருக்கோம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராய்ஸின் காது சிவந்தது. பாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"பிரதர் வெண்டல், இதத் தூக்கி எறியச் சொல்லுங்க. விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"விதிய நான் மீறலையே. வயித்தத் திறக்கணும்னு சொன்னது நீ. திறக்கட்டும். உன்னோடதையும் பக்கத்துல வச்சுத் திறக்கட்டும்."

ராய்ஸ் அதற்காகவே காத்திருந்தவன் போலத் தன் பறவையைத் தூக்கி வைத்தான். நீளத் தாடி, கூர்ந்த கால்முள், ஒரு வடுவும் இல்லாத தலை. "இதுக்கு நான் கூப்பிடக்கூட இல்ல, தெரியுமா? என் சோள வயல் ஓரத்துல, வெட்டவெளியில, இறக்கையத் தரையில இழுத்துக்கிட்டு ஆட்டம் போட்டுக்கிட்டு நின்னுச்சு. நடந்து போய்ச் சுட்டேன்!"

ஆர்ஃபாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. தன் பறவையின் கறியை ஊர் வாயில் வைக்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் வந்திருந்தாள். இவன் தன் வாயாலேயே கதவைத் திறந்து விடுகிறான்.

"நடந்து போயா? அது ஓடலையா?"

"என்னைப் பாத்துப் பயந்து நின்னுருச்சு போல."

"வால் விரிஞ்சிருந்துச்சா?"

"வாலா?"

"பெட்டைக்கு ஆட்டம் காட்டுற சேவல் வால விரிக்காம இருக்குமா? கத்துச்சா? தலை நிமிந்திருந்துச்சா?"

ராய்ஸ் தன் பறவையைக் குனிந்து பார்த்தான். கிழட்டு வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறக்கை தொங்குவது இரண்டு காரணத்தால்: ஒன்று கர்வம், மற்றது காய்ச்சல். ஆர்ஃபா அவன் பறவையின் மார்பைக் கட்டைவிரலால் தடவினாள். சதை வற்றி, எலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டது.

பாஸ்டர் வெண்டல் முதலில் ஆர்ஃபாவின் பறவையைத் திறந்தார். ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக மின்னியது. தோலை உரித்தார். மருவெல்லாம் தோலோடு போனது. உள்ளே இளஞ்சிவப்பு மார்புக்கறி, கொழுத்துத் திரண்டு.

அடுத்து ராய்ஸின் பறவை. கத்தி பாதி இறங்கும்போதே துர்நாற்றம் அடித்தது. ஈரல் வீங்கி, மேலெல்லாம் வட்டத்துக்குள் வட்டமாக மஞ்சள் குழிகள். கூட்டம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"என்ன இது, பிரதர் ராய்ஸ்?" என்றார் பாஸ்டர்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" ஆர்ஃபா குரலை உயர்த்தவில்லை. "கோழி வளக்குறவன் நீதான. சொல்லு."

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "கருந்தலை நோய். பேருதான் அப்படி, அரிக்கிறது ஈரல."

"வான்கோழிக்கு அது எங்கேருந்து வரும்?"

"கோழிங்ககிட்டேருந்து."

"கோழிக்கு ஒண்ணும் பெருசா ஆகாது. அதோட எச்சத்து வழியாப் பரவி வான்கோழியக் கொல்லும். உன் பண்ணை எருவ எங்க கொட்டின?"

"சோள வயல்ல," என்றான் ராய்ஸ், முணுமுணுப்பாக.

"சத்தமா."

"சோள வயல்லதான்!"

பாஸ்டர் வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்ய ஆள் அனுப்பினார். ஈரலை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னார். ராய்ஸ் மிச்சத்தை ஒரு சாக்கில் வாரிக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"எங்க போற? உன் நாய்ங்க வண்டியிலதான இருக்கு. போடு."

"இத நாய்க்குக்கூடப் போட மாட்டேன் ஆர்ஃபா."

"லோன்சோவோடத போட்டியே."

ராய்ஸ் சாக்கைக் கீழே வைத்தான்.

ஆர்ஃபா தானே மார்புக்கறியை நறுக்கினாள், உப்பும் மிளகும் கலந்த மாவில் புரட்டினாள், எண்ணெயில் போட்டாள். பொன்னிறமாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். மணம் முற்றம் முழுக்கப் பரவியும் ஒரு கைகூட நீளவில்லை. மருவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவள் இதையும் எதிர்பார்த்தே வந்திருந்தாள்.

"முதல் துண்டு ராய்ஸுக்கு," என்றாள்.

"சிஸ்டர், போதுமே," என்றார் பாஸ்டர் தணிந்த குரலில். "அவர் தலை குனிஞ்சாச்சு. மன்னிக்கிறதுன்னு ஒண்ணு..."

"அதப் பத்தி நாளைக்குப் பிரசங்கத்துல சொல்லுங்க பிரதர், முன் பெஞ்சுல உக்காந்து கேக்குறேன். இன்னைக்கு விருந்து. எல்லார் முன்னாடியும் சொன்னவன், எல்லார் முன்னாடியும் தின்னட்டும்."

ராய்ஸ் சுற்றிலும் பார்த்தான். அவன் மனைவிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுத்துக் கடித்தான், மென்றான். தொண்டைக்குள் இறங்கும்வரை ஆர்ஃபா அவன் எதிரில் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"யார் வீட்டுது?"

"கிம்ப்ரோ வீட்டுது."

"போன வருஷத்துது?"

அவன் தாடை நின்றது. "அதுவும் நல்ல பறவைதான்," என்றான். "லோன்சோ மேல தப்பு இல்ல."

அதைக் கேட்க வேண்டியவன் மண்ணுக்கடியில் கிடந்தான். ஆர்ஃபாவின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அவளுக்குப் பின்னால் தட்டுகள் ஒவ்வொன்றாக நீண்டன. ஜனங்கள் கறியை எடுத்தார்கள், சோளரொட்டியைப் பிட்டார்கள், பேச்சு மெல்லத் திரும்பி வந்தது.

ராய்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆர்ஃபா அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"உக்காரு," என்று இன்னும் இரண்டு துண்டை அவன் தட்டில் போட்டாள். "பறவ பெருசு. உனக்கு இன்னும் நிறைய இருக்கு."