ரிலீவர் வராத நாள்

திடப்படுத்தல் வகுப்பை எபினேசர் கேட்டு வாங்கவில்லை. மனைவி கிறிஸ்டினா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்து எழுந்து போகிறவனைப் பாஸ்டர் எத்தனை நாள் பார்ப்பார்? "முதல் நற்கருணை வாங்கப்போற பசங்களுக்குப் பாடம் எடுப்பா. பி.எஸ்ஸி. படிச்சவன், சும்மா இருக்காத" என்றார். மறுப்பதென்றால் காரணம் யோசிக்க வேண்டும். அதற்குச் சோம்பிக்கொண்டு சரி என்றுவிட்டான்.

அன்றைக்குப் பாடம் பாவப்பரிகாரமும் மனந்திரும்புதலும். ஆராதனை முடிந்ததும், ஆலயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். எல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள். மின்விசிறி சுற்றியது. காற்றுதான் வரவில்லை.

"பரிகாரம்னா இன்னா?" என்று எபினேசர் கேட்டான்.

ஸ்டீவன் கை தூக்கினான். "பொதட்டூர்பேட்டைல எங்க பெரியம்மா பண்ணாங்கண்ணா. வாரா வாரம் நெய் விளக்கு ஏத்துனாங்க. அக்காவுக்கு மாப்ள கெடைச்சுட்டாரு."

"அந்த மாப்ளைக்குத்தான்டா இப்போ பரிகாரம் பண்ணணும்" என்றான் தானியேல். கூடமே சிரித்தது.

எபினேசரும் சிரித்திருக்க வேண்டும். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அது நாம பண்றது. இது நமக்காக வேற ஒருத்தர் பண்ணது" என்றான். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வேறு வழியாகப் போய்ப் பார்த்தான். "சரி, ரிலீவர்னா இன்னா?"

"அய்யோ, எங்கப்பா தெனம் அந்தாளத்தாண்ணா திட்டிக்கினு இருப்பாரு!" என்றான் ஸ்டீவன்.

"ஏன் திட்றாரு? அடுத்த ஷிப்டுக்கு அவரு வந்து நின்னாத்தான் உங்கப்பா மெஷின விட்டு நகர முடியும். அப்பிடித்தான் இதுவும். நீ நின்னு நின்னு ஓஞ்சு போய்ட்ட. உன்னால நகர முடியாது. ஒருத்தர் வந்து, 'நீ போ, நான் நிக்கிறேன்'னு உன் எடத்துல நிக்கிறாரு. கிறிஸ்து அப்பிடி."

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. அந்த வேகத்தில் வாய் தானாக ஓடியது. "இப்போ ரிலீவர் வரலைன்னு வெச்சுக்கோ..."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டீவன் வேதாகமத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தானியேல் பக்கத்தில் இருந்த விக்டோரியாவை ஓரக்கண்ணால் பார்த்தான். விக்டோரியா எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அப்போதுதான் எபினேசருக்கு உறைத்தது.

கிறிஸ்டினா சோப்பு பேக்கிங்கில் இருந்தாள். ஒரு நாள் அவளுக்கு ரிலீவர் வரவில்லை. அடுத்த ஷிப்டையும் சேர்த்து விடிய விடிய நின்றாள். காலையில் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையைக் கடந்தபோது லாரி அடித்தது. அன்றைக்கு வராத ரிலீவர் ஞானம்மா. விக்டோரியாவின் அம்மா. சபையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா?

தெரிந்தா சொன்னான்? தெரியாமலா? யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை.

"அண்ணா, அவ ஏற்கெனவே வரமாட்டேன்னு அழுதுக்கினு இருந்தா. நாங்கதான் இட்டுக்கினு வந்தோம்" என்றான் தானியேல். "இனிமே சுத்தமா வரமாட்டா. அடுத்த வாரம் பிஷப் வந்து குடுக்குற திடப்படுத்தலும் எடுக்க மாட்டா."

எபினேசர் வெளியே போனான். வகுப்பு முடியக் காத்திருந்த ஞானம்மா, படிக்குக் கீழே மகளை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"குத்திக் காட்டணும்னா என்னக் காட்டியிருக்கலாமே தம்பி. புள்ள இன்னா பண்ணுச்சு?"

"வேணும்னு சொல்லலக்கா."

"பின்ன?"

"தெரியலக்கா."

"இத்தினி நாள்ல நீ ஒரு வார்த்த கேக்கல, ஏன் வரலன்னு. கேட்டா சொல்றதுக்குப் பொய் ஒண்ணு ரெடியா வெச்சிருந்தேன். ஜுரம்னு. ஜுரம்லாம் இல்ல தம்பி. மழ பேஞ்சுது. இழுத்துப் போத்திக்கினு படுத்துட்டேன். அவ்ளோதான்."

அவன் கோபத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அழுகையும் வரவில்லை. நிறுத்தத்தில் நின்றுகொண்டு, எந்த பஸ்ஸுக்காக நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டவன் மாதிரி நின்றான்.

"வாயத் தொறந்து திட்டிடுப்பா. இல்ல, மன்னிச்சேன்னு சொல்லு" என்றாள் ஞானம்மா. "ரெண்டும் இல்லாம பேஜாரா இருக்குது."

"ரெண்டும் வரமாட்டுதுக்கா."

விக்டோரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் எப்படிண்ணா எங்களுக்குப் பாடம் எடுக்குறீங்க?"

"பாஸ்டர் எடுக்கச் சொன்னாரு."

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை விழுங்கினாள். "நான் பிஷப் முன்னாடி முட்டி போட்டா எல்லாரும் எங்கம்மாவத்தான் பாப்பாங்க. எம் பேர எடுத்துடுங்கண்ணா."

"எடுக்க மாட்டேன்."

நினைப்பதற்கு முன்பே வந்துவிட்டது அந்தச் சொல். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"பாடம் இன்னும் முடியல. உள்ள போ" என்றான்.

விக்டோரியா அம்மாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஸ்டீவன் நகர்ந்து இடம் விடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஞானம்மா போகவில்லை. "நானும் வந்து உக்காரட்டா? பின்னாடிதான்."

இது பசங்களுக்கான வகுப்பு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வா என்றும் சொல்ல முடியவில்லை.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாக்கா" என்றான்.

அவள் குனிந்தாள். செருப்பின் வார் சட்டென்று கழலவில்லை. உள்ளே போவதா, நிற்பதா என்று தெரியாமல் எபினேசர் அவளுக்காக வாசலிலேயே நின்றான்.